'கன்னட பருத்தா?': வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம். வெளி மாநிலத்திலிருந்து வந்து குடியேறுகிறவர்களை ஊர்க்காரர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், வந்தவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அது. மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் வாணியம்பாடிக்காரி. 1979ல் கல்யாணமாகி, ஜோலார்பேட்டையில் பாசஞ்சர் ஏறி பெங்களூர் வந்தேன். 35 வருடம் தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்துவிட்டு 2018ல் ஓய்வு பெற்றேன்.

● மதுரையிலிருந்து எட்டு மாதத்துக்கு முன் பெல்லந்தூர் வந்தோம். ஒரு நாள் ஆட்டோக்காரர் 'கன்னட பருத்தா?', அதாவது கன்னடம் வருமா என்று கேட்டார். 'இல்லை' என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழி முழுக்க ஏதோ முணுமுணுத்தபடியே வந்தார். அதிலிருந்து தனியாக வெளியே போகவே தயக்கம். மகனுக்குப் பள்ளியில் கன்னடம் கட்டாயமாம். கணவரோ, 'ரெண்டு வருஷத்தில் வேறு ஊர் போயிடுவோம், எதுக்கு மெனக்கெடணும்' என்கிறார். நாங்கள் இவர்களுக்கு வேண்டாதவர்களா அக்கா?
– பெயர் வேண்டாம், பெல்லந்தூர்

வேண்டாதவர்கள் இல்லை அம்மா. ஒரு ஆட்டோக்காரரின் முகத்தை வைத்து ஊரையே எடைபோட வேண்டாம். அவர் ஏன் முகத்தைத் திருப்பினார் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

1983ல் நான் கவுன்ட்டரில் உட்கார்ந்த முதல் வாரம். பஞ்சகச்சமும் கருப்புக் கோட்டுமாக ஒரு பெரியவர் மணியார்டர் பாரத்தை நீட்டினார். முழுக்கக் கன்னடம். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. 'இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வாங்க' என்று தமிழில் சொல்லித் திருப்பித் தந்துவிட்டேன். அவர் கத்தவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்து, 'நம்ம ஊரல்லி நம்ம பாஷெ ஓதோரு இல்வல்லப்பா' என்றார். நம் ஊரில் நம் பாஷையைப் படிக்க ஆளில்லையே என்று அர்த்தம். அதுகூட எனக்குச் சாயங்காலம் ஒரு போஸ்ட்மேன் சொல்லித்தான் தெரிந்தது. அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. வாணியம்பாடியில் என் அப்பா தமிழில் எழுதிய பாரத்தை எவளோ ஒருத்தி இப்படித் திருப்பித் தந்திருந்தால் அவர் மனசு என்ன பாடு பட்டிருக்கும்?

மறுநாளிலிருந்து கடித உறைகள்தான் எனக்குப் பாடப் புத்தகம். பின்கோடு 570 என்று தொடங்கினால் மைசூர், 572 தும்கூர், 573 ஹாசன். எண்ணை வைத்து ஊரைத் தெரிந்துகொண்டு, ஊரை வைத்து எழுத்தைக் கூட்டினேன். ஆறு மாதத்தில் முகவரி படிக்க வந்தது. அப்புறம், எழுதத் தெரியாதவர்களுக்கு மணியார்டர் துண்டில் நாலு வரி எழுதிக் கொடுக்கும் அளவுக்குத் தேறினேன். அந்தப் பெரியவர் மாதா மாதம் வருவார். ஒரு தடவை அவர் பாரத்தை வாங்கி வாய்விட்டுப் படித்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு சின்னப் பொட்டலத்தில் மல்லிகைப் பூ கொண்டுவந்து கவுன்ட்டர் பலகை மேல் வைத்துவிட்டுப் போனார்.

உங்களிடம் நான் கேட்பதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம். 'நன்கெ ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தெ, கலீத்தா இதீனி.' எனக்குக் கொஞ்சம் கொஞ்சம் வரும், கற்றுக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் எதிரில் இருப்பவரே அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். செல்போனை முகத்துக்கு நேரே நீட்டி 'கன்னடம் பேசு' என்று மிரட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேறு. அதை நான் எந்தக் காலத்திலும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். அப்படி நேர்ந்தால் வாக்குவாதம் செய்யாமல் ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் இறங்கி 112ஐ அழையுங்கள்.

பள்ளி விஷயம்: 2015ஆம் வருடக் கன்னட மொழி கற்றல் சட்டப்படி இங்கே பள்ளிகளில் கன்னடம் ஒரு பாடம். தமிழ்நாட்டில் 2006லேயே தமிழ் கற்றல் சட்டம் வந்தது. அன்றைக்கு நாம் சந்தோஷப்பட்டோம் இல்லையா? உங்கள் மகன் படிக்கட்டும். இன்னும் இரண்டு வருடத்தில் உங்களுக்கே அவன் டியூஷன் எடுப்பான். அப்புறம் கணவரிடம் சொல்லுங்கள், என் வீட்டுக்காரரும் 'அஞ்சு வருஷம், அப்புறம் ஊருக்குப் போயிடலாம்' என்றுதான் என்னை ரயிலேற்றினார்.

● ஐம்பது வருடமாக அல்சூரில் இருக்கிறேன். நாங்கள் வந்தபோது கன்னடம் கற்றோம், ராஜ்குமார் படம் பார்த்தோம், ஒத்துப்போனோம். இப்போது வடக்கேயிருந்து வருகிறவர்கள் காய்கறிக்காரியிடம்கூட ஹிந்தியில்தான் பேசுகிறார்கள். வாடகையை ஏற்றிவிட்டார்கள். தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறார்கள். எங்கள் தெருவில் நாலு வீட்டில் அவர்கள்தான். இவர்களைக் கட்டுப்படுத்த வழியே இல்லையா?
– ஓய்வு பெற்ற தொழிலாளி, அல்சூர்

ஐயா, உங்கள் கோபத்தில் பாதியோடு எனக்கு உடன்பாடு. காய்கறிக்காரம்மா கன்னடத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் கணக்குச் சொல்வார். அவரைப் போய் நாலாவதாக ஹிந்தியும் கற்றுக்கொள் என்பதும், வந்தவர் மட்டும் எதையும் கற்க மாட்டேன் என்பதும் தப்புதான். 1965ல் நம் ஊரில் ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தபோது நான் சின்னப் பிள்ளை. அப்பா திண்ணையில் உட்கார்ந்து அதையேதான் பேசுவார். 1982ல் இங்கே கன்னடத்துக்கு முதலிடம் கேட்டுக் கோகாக் போராட்டம் நடந்து ராஜ்குமார் ஊர் ஊராகப் போனபோது, நாம் தமிழர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பயந்தோம். என் அப்பாவுக்கு இருந்த அதே பயம்தான் இவர்களுக்கும் என்று புரிய எனக்குப் பல வருடம் ஆயிற்று.

வாடகை விஷயத்தில் உடன்பாடு இல்லை. வாடகையை ஏற்றுவது வீட்டுக்காரர். குடிவந்தவர் ஏற்றிக் கேட்பாரா? கிழக்குப் பக்கம் எத்தனை வீட்டுக்காரர்கள் நம் ஆட்கள் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீரும் அப்படித்தான். 2001 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் 57 லட்சம் பேர், 2011ல் 85 லட்சம். ஏரிகளைத் தூர்த்து, மண் தெரியாமல் சிமென்ட் போட்டு, ஆழ்துளைக் கிணறுகளை வற்றவிட்டு 2024 கோடையில் லாரித் தண்ணீருக்கு நின்றோமே, அதில் நேற்று வந்தவனின் பங்கு எவ்வளவு? அந்த 85 லட்சத்தில் நீங்களும் உண்டு, நானும் உண்டு.

ஆனால் என்னை நிறுத்தியது 'கட்டுப்படுத்த' என்கிற வார்த்தை. அதை நான் முன்பே கேட்டிருக்கிறேன் ஐயா. நம்மைப் பற்றிச் சொல்லித்தான் கேட்டேன்.

1991. நாங்கள் மாகடி ரோடு பக்கம் ஒரு 'வட்டார'வில் குடியிருந்தோம். ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக வீடுகள், பொதுக் குழாய். நம் பக்கத்தில் ஸ்டோர் என்போமே, அது. என் வீட்டுக்காரருக்குப் பின்னி மில்லில் வேலை. மில் பெயின்டர் ஒருவரிடம் சொல்லி ஒரு தேக்குப் பலகையில் தமிழில் பெயர் எழுதி வாசலில் மாட்டியிருந்தார். அது அவருக்குப் பெரிய பெருமை. வட்டாரவின் சொந்தக்காரர் ஒரு அஜ்ஜி, அதாவது பாட்டி. மண்டியா ஜில்லாக்காரர். அண்ணன் தம்பிகள் எல்லாரும் காவிரித் தண்ணீரை நம்பிக் கரும்பும் நெல்லும் போடுகிறவர்கள்.

அந்த வருடம் ஜூனில் காவிரி நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி தர வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வந்ததும் ஊர் பற்றி எரிந்தது. முதல் நாள் சாயங்காலம் டயர் எரிகிற வாசனை முற்றத்துக்குள் வந்துவிட்டது. அஜ்ஜி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, எங்கள் பெயர்ப் பலகையைத் தானே கழற்றினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகையைப் புடவைத் தலைப்பில் சுற்றி எடுத்துப்போய் ராகி டிரம்முக்குள் செருகி, மேலே ராகியைத் தள்ளி மூடினார். அப்புறம் என்னையும் இரண்டு பிள்ளைகளையும் பின்கட்டு அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார். வீட்டுக்காரர் மில்லிலேயே மாட்டிக்கொண்டார்.

ராத்திரி பத்து மணி இருக்கும். கேட்டருகே ஆட்கள். 'இங்கே தமிழர் வீடு எது?' என்று கேட்பது கேட்டது. அஜ்ஜி குரல் உயரவே இல்லை. 'ஈ மனெயெல்லா நந்து. இல்லிரோரெல்லா நம்மோரு.' இந்த வீடெல்லாம் என்னுடையது, இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள். என் சின்னப் பிள்ளைக்கு இருமல். அவன் வாயை என் உள்ளங்கையால் பொத்தியிருந்தேன். அவன் மூச்சு சூடாகக் கையில் பட்டுக்கொண்டிருந்தது இன்னும் நினைவிருக்கிறது. அவர்கள் போய்விட்டார்கள்.

அஜ்ஜிக்குத் தண்ணீர் விஷயத்தில் நம் பக்கம் நியாயம் இருப்பதாகக் கடைசி வரை தோன்றவில்லை. இரண்டாம் நாள் காலையில் எங்களுக்கு முத்தெ, அதாவது ராகிக் களி உருண்டை போட்டுக்கொண்டே, 'நீரு நம்து', தண்ணீர் எங்களுடையது என்று என்னிடம் சண்டை பிடித்தார். என் தம்பி வயலில் நாற்றுக் காய்கிறது, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். நானும் விடாமல் தஞ்சாவூரைப் பற்றிச் சொன்னேன். சண்டை முடிந்து, 'இன்னொந்து முத்தெ ஹாக்லா?' என்றார், இன்னொரு உருண்டை போடட்டுமா என்று.

ஒரு மாதம் கழித்து சங்கராந்தி. இங்கே எள், வெல்லம், கொப்பரை, பொட்டுக்கடலை, வேர்க்கடலை கலந்து வீடு வீடாகத் தருவார்கள். 'எள்ளு பெல்ல திந்து ஒள்ளெ மாத்தாடி' என்பது சொலவடை. எள்ளும் வெல்லமும் தின்று நல்ல பேச்சுப் பேசு. அஜ்ஜி ஒரு தட்டில் எள்ளு பெல்லவும் கரும்புத் துண்டும், அடியில் எங்கள் பெயர்ப் பலகையும் கொண்டுவந்தார். நல்லெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார். ஓரத்துப் பள்ளத்தில் இரண்டு ராகி மணி மட்டும் ஒட்டியிருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

இப்போது உங்கள் தெருவின் நாலு வீட்டுக்கு வருகிறேன். போன வருடம் எங்கள் மாடியில் பீகாரிலிருந்து ஒரு சின்னத் தம்பதி வந்தார்கள். தினமும் இரண்டு கேன் தண்ணீர் வாங்குவார்கள். 'காசு கொழுத்தவர்கள்' என்று தெருவில் பேச்சு. மூன்றாவது வாரம் நான் மாடியேறிப் போய்க் கேட்டேன். எங்கள் பகுதியில் காவேரித் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள் விடியற்காலையில் வரும், சம்ப் வால்வைத் திறந்து பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. யாரும் சொல்லவில்லை. அவர்கள் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கிறார்கள் என்று பேசினோமே தவிர, வால்வு எங்கே இருக்கிறது என்று ஒருவரும் காட்டவில்லை. நானும் காட்டவில்லை, மூன்று வாரம். அந்தப் பெண்ணை நாலு மணிக்கு எழுப்பி, டார்ச் அடித்துக் காட்டினேன். இப்போது தெரு முழுக்க 'நீரு பந்த்து', தண்ணீர் வந்துவிட்டது என்று அவள்தான் குரல் கொடுக்கிறாள். ஹிந்தி வாடையோடுதான் சொல்கிறாள். ஆனால் சொல்கிறாள்.

நீங்கள் மூத்தவர். உங்கள் தெருவில் அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் ஐயா. குப்பை வண்டி எத்தனை மணிக்கு, ஈரக் குப்பையை எப்படிப் பிரித்துத் தருவது, எந்த மளிகைக் கடையில் கடன் தருவார்கள், காய்கறிக்காரம்மாவிடம் 'எஷ்டு?', எவ்வளவு என்று கேட்பது எப்படி. முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

● பெங்களூரைக் கட்டியதே தமிழர்கள்தான் என்கிறான் என் நண்பன். நாம் எப்படி வந்தேறிகள் ஆவோம் என்றும் கேட்கிறான். உண்மையா?
– கல்லூரி மாணவர், சிவாஜிநகர்

நண்பரிடம் இரண்டு கல்வெட்டுகளைப் பற்றிச் சொல்லுங்கள். பேகூர் நாகேஸ்வரர் கோவிலில் சுமார் கி.பி. 890ஆம் வருடத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 'பெங்களூரு' என்கிற பெயரே முதலில் கிடைப்பது அதில்தான். பழைய கன்னடம். தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோவிலுக்குப் போனால் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. 1537ல் கோட்டை கட்டி ஊரை எழுப்பியவர் கெம்பேகவுடர். 1809ல் வெள்ளைக்காரர்கள் கன்டோன்மென்ட் போட்டு மெட்ராஸ் படையைக் கொண்டுவந்தபோது, கூடவே நம்மவர்கள் சிப்பாயாகவும் சமையல்காரராகவும் கொத்தனாராகவும் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். உங்கள் சிவாஜிநகர், அல்சூர் எல்லாம் அப்படிப் பெருகியவைதான். இந்த ஊரின் பெரிய திருவிழாவான கரகத்தை எடுக்கிற திகளர் சமூகத்தாரின் பரம்பரைப் பேச்சில் தமிழ் கலந்திருக்கிறது. அந்தக் கரகம் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போய்விட்டு வரும். இவர்களுடைய சைத்ர மாதப் பௌர்ணமிக்கு ஒரு தடவை ராத்திரி முழுக்க விழித்திருந்து பாருங்கள்.

உழைத்தோம் என்று சொல்லுங்கள், அது உண்மை. 'நாங்கள்தான் கட்டினோம்' என்று கன்னடக்காரர் முகத்துக்கு நேரே சொல்வது, விருந்துக்கு வந்த வீட்டில் சமையலில் கை கொடுத்துவிட்டு வீட்டுப் பத்திரத்தைக் கேட்பது போல. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 18 வருடம் மூடியே கிடந்தது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன், பார்க்க முடியாது. 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி அதைத் திறந்தார்கள். நாலு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையைத் திறந்தார்கள். அந்த வாரம் ஆபீசில் கன்னட போஸ்ட்மேன் ஒருவர் என்னிடம் ஒரு குறள் சொல்லிக் கேட்டு, தன் நோட்டில் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டார்.

● உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் வேலை என்று சட்டம் வருமாமே? என் மகன் இங்கேதான் பிறந்தான்.
– வாசகி, கே.ஆர். புரம்

2024 ஜூலையில் ஒரு மசோதாவுக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பதவிகளில் 50 சதவீதம், மற்ற வேலைகளில் 70 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கு என்றார்கள். கம்பெனிகள் எதிர்த்ததும் சில நாளிலேயே நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதில் உள்ளூர்க்காரர் என்பதற்குக் கன்னடம் பேசவும் படிக்கவும் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. சட்டம் வருகிறதோ இல்லையோ, இங்கே பிறந்த உங்கள் மகனுக்குக் கன்னடம் எழுதத் தெரியுமா? இல்லையென்றால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

● மேல் வீடு காலியாக இருக்கிறது. 'தமிழர்களுக்கு மட்டும்' என்று அட்டை மாட்டினேன். மகள் என்னைத் திட்டுகிறாள். என் வீடு, என் இஷ்டம்தானே?
– வீட்டுக்காரர், ராமமூர்த்தி நகர்

மகள் சொல்வது சரி. அட்டையைக் கழற்றிவிடுங்கள். 1979ல் நானும் என் வீட்டுக்காரரும் வீடு தேடி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பதினோரு வாசல் ஏறினோம். பெயரைக் கேட்பார்கள், ஊரைக் கேட்பார்கள், அப்புறம் 'மனெ ஆகோய்த்து' என்பார்கள், வீடு போய்விட்டதாம். வெளியே வந்து பார்த்தால் 'டு லெட்' பலகை அப்படியே தொங்கும். பன்னிரண்டாவது வாசல் அஜ்ஜியுடையது.

உங்களுக்கு வேண்டியது ஒழுங்காக வாடகை தந்து வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஆள். அதற்கு ஆதார் நகல், வேலை பார்க்கும் இடத்தின் கடிதம், 11 மாத ஒப்பந்தம் போதும். அப்புறம், பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். கல்யாணமாகி வந்த பிள்ளைகள் நகையை வைத்துத்தான் அதைக் கட்டுகிறார்கள்.

● எனக்கு 66 வயது. கும்பகோணத்திலிருந்து பேரனைப் பார்த்துக்கொள்ள ஒயிட்ஃபீல்டு வந்தேன். பதினாலாவது மாடி. பகலெல்லாம் நானும் குழந்தையும்தான். சாயங்காலம் கீழே பெஞ்சில் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நான் போனதும் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால் போவதையே விட்டுவிட்டேன்.
– ஒரு பாட்டி, ஒயிட்ஃபீல்டு

படித்ததும் உங்களைப் பார்க்க வந்துவிடலாமா என்றிருந்தது. பேச்சு நிற்பது உங்களைப் பிடிக்காமல் இல்லை அம்மா. உங்களிடம் எந்த பாஷையில் பேசுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

கன்னடம் நீங்கள் பயப்படுகிற அளவுக்குத் தூரத்தில் இல்லை. நம் 'ப' அங்கே பல இடங்களில் 'ஹ' ஆகிவிடும். பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, புளி ஹுளி, பல் ஹல்லு, பெண் ஹெண்ணு. நம் 'வ' அங்கே 'ப' ஆகும். வா என்றால் பா, வெல்லம் பெல்ல, வாழை பாளெ, வெள்ளி பெள்ளி. இந்த இரண்டு சாவியை வைத்துக்கொண்டு காது கொடுத்தால் பாதி வார்த்தை பிடிபடும். பேரனுக்குச் சோறு ஊட்டும்போதே சொல்லிப் பழகுங்கள். கீரைக்குச் 'சொப்பு'. கீரைக்காரம்மா வந்தால் செல்போன் செயலியை ஒதுக்கிவிட்டு நீங்களே இறங்கிப் போங்கள். இரண்டு கட்டு கீரைக்கு அஞ்சு நிமிடப் பேச்சு கிடைக்கும்.

பெஞ்சுக்குப் போனால் 'ஊட்ட ஆய்த்தா?' என்று கேளுங்கள். சாப்பாடு ஆயிற்றா என்பதுதான் இங்கே வணக்கம். ஆடியிலோ ஆவணியிலோ பௌர்ணமிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நீங்கள் வரலட்சுமி நோன்பு எடுப்பீர்கள் அல்லவா? அதே நாளில் இவர்களுக்கு வரமகாலட்சுமி விரதம். கலசத்துக்கு முகம் வைத்து அலங்காரம் செய்வதுகூட நம்மைப் போலவேதான். 'அரிசின குங்குமக்கெ பன்னி', மஞ்சள் குங்குமத்துக்கு வாங்க என்று அந்தப் பெஞ்சையே மேலே கூப்பிடுங்கள். ஹிந்திக்காரப் பெண்களையும் சேர்த்துத்தான். கொழுக்கட்டை கும்பகோணத்துப் பக்குவத்தில் இருக்கட்டும்.

● எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் வட மாநிலத்துப் பிள்ளைகள் நிறைய. வாட்ஸ்அப்பில் அவர்களைப் பற்றி வருவதைப் படித்தால் பயமாக இருக்கிறது. நம்பலாமா?
– வாசகர், ஒசூர்

நம்பாதீர்கள். 2012 ஆகஸ்டில் பெங்களூரில் இருந்த வடகிழக்கு மாநிலப் பிள்ளைகளைத் தாக்கப் போகிறார்கள் என்று எஸ்எம்எஸ் பரவியது. ஆயிரக்கணக்கில் ரயில் நிலையத்துக்கு ஓடினார்கள். குவாஹாத்திக்குச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பக் கூடாது என்று மத்திய அரசே தடை போட்டது. எங்கள் ஆபீஸ் பக்கத்தில் காவலாளியாக இருந்த அசாம் பையன் மாதா மாதம் அம்மாவுக்குப் பணம் அனுப்புவான். அந்த வாரம் பையோடு வந்து நின்று, 'நான் போன பிறகு எனக்கு லெட்டர் வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டான். முகவரி மாற்றும் பாரத்தை அவனுக்காக நானே எழுதினேன். கை நடுங்கியதால் கையெழுத்தை இரண்டு தடவை போட்டான். 1991ல் பின்கட்டு அறையில் இருந்த எனக்கு அந்த நடுக்கம் தெரியும்.

2023 மார்ச்சில் அதே கதை நம் தமிழ்நாட்டில். பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று வேறு எங்கோ எடுத்த வீடியோக்களைச் சுற்றவிட்டார்கள். பொய் என்று தமிழ்நாடு போலீஸ் சொன்னது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. உங்கள் தெருவில் இருக்கும் பிள்ளைகளின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை இப்படி வீடியோ வந்தால் அவர்களையே கூப்பிட்டு, நிஜமா என்று கேட்கலாம்.

● நான் எட்டாம் வகுப்பு. வகுப்பில் இரண்டு பையன்கள் என்னைக் 'கொங்கா' என்று கூப்பிடுகிறார்கள். அப்பாவிடம் சொன்னால் பள்ளியை மாற்றிவிடுவார். எனக்கு மாற வேண்டாம். என் கிரிக்கெட் டீம் அங்கேதான் இருக்கிறது. என்ன செய்யட்டும் ஆன்ட்டி?
– மாணவன், விஜயநகர்

ராஜா, நீ எழுதியது ரொம்பச் சரியான காரியம். அந்த வார்த்தை கொங்கு நாட்டுக்காரர் என்பதிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் வெறும் ஊர்ப் பெயர். இப்போது வசவாகச் சொல்கிறார்கள். யாரும் உன்னை அப்படிக் கூப்பிடக் கூடாது. நீ பொறுத்துக்கொள்ளவும் வேண்டாம்.

முதலில் அப்பாவிடம் சொல். சொல்லும்போதே, 'எனக்கு இந்தப் பள்ளிதான் வேணும், டீச்சரிடம் மட்டும் பேசுங்க' என்றும் சேர்த்துச் சொல். இந்தக் கடிதத்தையே காட்டலாம். டீச்சர் அந்த இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசட்டும். வகுப்பு நடுவில் வேண்டாம், அவர்களுக்கும் அவமானம் வேண்டாம். அப்புறமும் கூப்பிட்டால், 'நன்ன ஹெசரு அதல்ல', என் பெயர் அது இல்லை என்று சொல்லிவிட்டு உன் பெயரைச் சத்தமாகச் சொல். என் பெரிய பையனையும் இப்படித்தான் கூப்பிட்டார்கள். அவன் ஒன்பது வயதில் ஒரு வருடம் என்னிடம் சொல்லாமலேயே இருந்தான். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இன்னொன்று. உங்கள் டீமில் ஒடிசா, பீகார்ப் பையன்கள் இருந்தால் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று யோசித்துப் பார். பெயர் சொல்லித்தானே?

அடுத்த மேட்ச் முடிந்ததும் எனக்கு எழுது. நீ எத்தனை ரன் எடுத்தாய், அந்த இரண்டு பேரில் யார் பௌலிங் போட்டது, எல்லாம் எழுது.